கணக்கில் வராத பாதரசம்

பாதரசம் ஒரு தனிமம். எரித்தாலும் ஆவியாக்கினாலும் அமிலத்தில் கரைத்தாலும் அதன் உருவம்தான் மாறும், அது அழியாது. ஆலைக்குள் வந்த 100 கிலோ பாதரசம் விற்ற சரக்கோடு வெளியே போயிருக்க வேண்டும். இல்லையென்றால் கிடங்கில் இருக்க வேண்டும். அங்கும் இல்லையென்றால் காற்றிலோ கழிவுநீரிலோ தரைக்கு அடியிலோ கிடக்க வேண்டும். வேறு போக்கிடம் அதற்கு இல்லை. காஸ்டிக் சோடா ஆலைகளின் பாதரசக் கணக்கில் நெடுங்காலம் ‘கணக்கில் வராதது’ என்றே ஓர் இனம் இருந்தது. வாங்கியதையும் கையிருப்பையும் ஒப்பிட்டு, எங்கே போனதென்று சொல்ல முடியாத எடையை அதில் எழுதி ஆண்டுக் கணக்கை முடிப்பார்கள். பல ஊர்களில் அந்த இனம் பின்னாளில் வழக்குச் செலவாகவும் இழப்பீடாகவும் மண்ணைத் தோண்டிக் கழுவும் செலவாகவும் நிறுவனத்தைத் தேடி வந்தது. பாதரசத்தைக் குறைப்பது சுற்றுச்சூழலுக்காகச் செய்யும் தியாகம் என்று எண்ணும் தொழில்முனைவோர் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

இந்த உலோகத்தின் இயல்பே கணக்கைக் கடினமாக்குகிறது. தண்ணீரைவிட 13.5 மடங்கு கனமானது. உலகச் சந்தையில் இதை விற்கும் அளவான ஒரு குடுவை 34.5 கிலோ, ஆனால் அதற்குள் இருப்பது இரண்டரை லிட்டர் திரவம்தான். சிந்தினால் நுண்மணிகளாகச் சிதறித் தரை இடுக்குகளில் புகுந்துகொள்ளும். அங்கிருந்தபடி அறை வெப்பத்திலேயே, நிறமும் மணமும் இல்லாத ஆவியாகும். 20 டிகிரி வெப்பத்தில், மூடிய அறை ஒன்றின் காற்று ஏற்கக்கூடிய பாதரச ஆவி கன மீட்டருக்கு ஏறத்தாழ 13 மில்லிகிராம். இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளி சுவாசிக்க அனுமதித்த அளவு 0.05 மில்லிகிராம். அதாவது, சிந்திய பாதரசத்தை அப்படியே விட்டு அறையைப் பூட்டி வைத்தால், உள்ளே இருக்கும் காற்று சட்ட வரம்பைப் போல 250 மடங்குக்கும் மேல் நஞ்சேறக்கூடும். நீர்நிலைக்குள் போனால் கேடு வேறு வழியில் வளர்கிறது. சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது சிறு மீனில் சேர்ந்து, பெரிய மீனில் பெருகி, கடைசியில் மீன் உண்பவரின் நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது. கருவிலிருக்கும் குழந்தைக்கே இதில் பாதிப்பு மிக அதிகம்.

தொழில் கணக்கு எந்த அளவுக்குத் தவற முடியும் என்பதற்கு ஜப்பானின் மினமாட்டாவைவிடப் பெரிய சான்று இல்லை. அங்கே சிஸ்ஸோ நிறுவனம் 1932 முதல் 1968 வரை பாதரசத்தை வினையூக்கியாகக் கொண்டு அசிட்டால்டிஹைடு தயாரித்தது. அந்த வினையிலேயே உருவான மெத்தில் பாதரசம் கழிவுநீரோடு விரிகுடாவில் கலந்தது. 1956 மே மாதத்தில், முதல் நோயாளிகள் குறித்த தகவல் அரசுக்குப் போனது. 1959இல் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரிமப் பாதரசமே காரணம் என்றார்கள். அதே ஆண்டு நிறுவனத்தின் சொந்த மருத்துவரான ஹோசோகாவா, ஆலைக் கழிவைப் பூனைக்கு உணவில் கலந்து கொடுத்து, அதே நோய் வருவதைக் கண்டார். முடிவு வெளியே வரவில்லை. ஆண்டு இறுதியில் ஒரு சுத்திகரிப்புக் கருவி ஆரவாரமாகத் திறந்து வைக்கப்பட்டது. கரிமப் பாதரசத்தை அகற்றும் திறன் அதற்குக் கிடையாது. இன்னும் எட்டு ஆண்டுகளுக்கு மேல் கழிவு ஓடியது.

அந்த ஆண்டுகளில் நிறுவனம் மிச்சப்படுத்தியது எவ்வளவு, பின்னர் கொடுத்தது எவ்வளவு? ஜப்பானியச் சுற்றுச்சூழல் முகமை 1990களின் தொடக்கத்தில் இதை ஒப்பிட்டுப் பார்த்தது. கழிவைத் தடுக்க முறையாகச் செலவிட்டிருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 12.3 கோடி யென் போதும். தடுக்காததால் நேர்ந்த சேதமோ ஆண்டுக்கு ஏறத்தாழ 1,260 கோடி யென். நூறு மடங்கு. விரிகுடாவின் அடிச் சேற்றை அள்ளும் பணி மட்டும் 1977 முதல் 1990 வரை நடந்து, ஏறத்தாழ 4,850 கோடி யென்னை விழுங்கியது. அள்ளிய சேற்றைக் கொட்டி மூடிய இடம் இன்று 58 ஹெக்டேர் மேட்டு நிலம். இழப்பீட்டுச் சுமையில் நிறுவனம் திவாலானால் நோயாளிகளுக்குப் பணம் கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால், 1978 முதல் குமமோட்டோ மாகாண அரசு கடன் பத்திரம் வெளியிட்டு அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்து வந்தது. இழந்த உயிர்களையும், பிறக்கும்போதே முடமான குழந்தைகளையும் எந்த யென் கணக்கிலும் எழுத முடியாது. அவர்களை நினைக்காமல் இந்த எண்களைப் படிப்பதும் சரியாகாது.

மினமாட்டா இருக்கும் அதே கியூஷு தீவில் நோபியோக்கா என்ற ஊர் இருக்கிறது. இந்த ஊரின் கதை குறைவாகவே பேசப்படுகிறது. தொழில் துறைக்கு இதுவே அதிகம் பயன்படும். மினமாட்டா நோயாளிகளின் வழக்கில் தீர்ப்பு வந்த 1973இல், பாதரசக் கலங்களால் இயங்கும் காஸ்டிக் சோடா ஆலைகள் எல்லாம் வேறு முறைக்கு மாற வேண்டும் என்று ஜப்பானிய அரசு முடிவெடுத்தது. ஆலைகள் தடுமாறின. கையிலிருந்த மாற்று முறையில் மின்செலவு அதிகம், சோடாவின் தூய்மையும் குறைவு. அசாஹி கெமிக்கல் நிறுவனம் 1975இல் நோபியோக்காவில் மெம்பரேன் முறையில், அதாவது அயனிகளைத் தேர்ந்து கடத்தும் மெல்லிய சவ்வைப் பயன்படுத்தி, வணிக அளவில் உற்பத்தியைத் தொடங்கியது. 1986க்குள் ஜப்பான் முழுவதும் பாதரசக் கலங்கள் ஓய்ந்தன. அதற்குள் ஜப்பானிய நிறுவனங்கள் உலகின் பிற நாடுகளுக்குச் சவ்வையும் கலத்தையும் விற்கும் இடத்துக்கு வந்துவிட்டன. கட்டாயத்தால் மாறியவர்கள், அந்த மாற்றத்தையே சரக்காக்கிக்கொண்டார்கள். சிஸ்ஸோவும் அசாஹியும் நோகுச்சி என்ற ஒரே தொழிலதிபர் தொடங்கிய நிறுவனக் குடும்பத்திலிருந்து பிரிந்தவை என்பது இந்த வரலாற்றின் வேதனையான செய்தி. பொறியியல் திறமையில் இரண்டுக்கும் குறைவில்லை. ஒன்று அதைக் கழிவை மறைக்கச் செலவிட்டது.

மெம்பரேன் முறையின் இலாபம் மின்கட்டணத்தில் தெரியும். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரினையும் காஸ்டிக் சோடாவையும் பிரிப்பதே இந்தத் தொழில். 1890களில் வந்த பழைய முறையில், கலத்தின் அடியில் ஓடும் பாதரசமே எதிர்மின்வாய். பிரியும் சோடியம் அதில் கரைந்து ரசக்கலவையாகி, அடுத்த தொட்டியில் நீரோடு சேர்ந்து சோடாவாகும். ஒரு டன் சோடாவுக்கு 3,000 யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் போகும். மெம்பரேன் கலத்துக்கு 2,500 யூனிட்டுக்குள் போதும். அதில் கிடைக்கும் சோடா அடர்த்தி குறைந்தது என்பதால் சுண்டக் காய்ச்ச நீராவி தேவை; சவ்வையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இவற்றையெல்லாம் கழித்து, டன்னுக்கு 400 யூனிட் மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு 100 டன் தயாரிக்கும் ஆலை, யூனிட் 7 ரூபாய் வீதம், நாளொன்றுக்கு 2.8 லட்சம் ரூபாயை மீட்கும். ஆண்டுக்கு 330 நாள் ஓடினால் 9 கோடிக்கு மேல். உற்பத்திச் செலவில் பெரும்பகுதி மின்சாரமாகவே இருக்கும் தொழிலில் இது சின்னத் தொகை அல்ல. பாதரசம் வாங்கும் செலவு, தொழிலாளர்களின் சிறுநீர்ப் பரிசோதனை, பாதரசம் கலந்த சேற்றைத் தனியே பாதுகாக்கும் செலவு ஆகியவை இல்லாமல் போவது இதற்கு மேல்.

இந்தியாவில் 2003இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தொழில் துறையும் ஒப்புக்கொண்ட சாசனம், இந்த மாற்றத்துக்கு 2012 வரை கெடு கொடுத்தது. கெடு நெருங்கும் முன்பே பெரும்பாலான ஆலைகள் மாறிவிட்டன. விதியைவிட மின்கட்டண ரசீதுதான் அவர்களை விரைவுபடுத்தியது என்று சொல்வதில் தவறில்லை. காலம் தாழ்த்தியவர்கள் பழைய கலத்துக்கே பழுது பார்க்கும் பணத்தையும் செலவிட்டு, பின்னர் புதிய கலத்துக்கும் முதலீடு செய்தார்கள்.

மாறிய பின் பழைய கலங்களிலிருந்து வடிக்கும் பாதரசத்தை என்ன செய்வது? அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஓரிங்டன் என்ற ஊரிலிருந்த ஹோல்ட்ராகெம் ஆலை 2000இல் மூடப்பட்டபோது, அதன் கலங்களில் ஏறத்தாழ 118 டன் பாதரசம் இருந்தது. அதை ஒரு தரகர் வழியாக இந்தியாவுக்கு விற்க ஏற்பாடு நடந்தது. அமெரிக்காவில் பயன்படுத்தத் தயங்கும் சரக்கை இந்தியத் தொழிலாளி ஏன் தாங்க வேண்டும் என்று இங்குள்ள சுற்றுச்சூழல் அமைப்புகளும் துறைமுகத் தொழிலாளர்களும் கேட்டார்கள். கப்பலேறிய முதல் தவணை 2001 தொடக்கத்தில் இந்தியக் கரையைத் தொடாமலே திரும்பியது. கையிருப்புக்கு இந்தக் கதி. அந்த ஆலை இயங்கிய காலத்தில் பெனோப்ஸ்காட் ஆற்றில் கலந்த, கணக்கில் வராத பாதரசத்துக்கோ வழக்கு இருபது ஆண்டுக்கு மேல் நடந்தது. ஆலையை முன்பு நடத்திய நிறுவனம் ஆற்றைச் சீராக்கக் குறைந்தது 18.7 கோடி டாலர் தர வேண்டும் என்ற உடன்பாட்டை நீதிமன்றம் 2022இல் ஏற்றது. சோடா விற்ற இலாபம் எப்போதோ பங்குதாரர்களிடம் போய்விட்டது. செலவு மட்டும் நின்றது.

அந்தக் கப்பல் திரும்பிய சில வாரங்களில், 2001 மார்ச்சில், கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் மூட்டை மூட்டையாகக் கிடப்பதை ஊர்மக்கள் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் ஓடிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டிருந்தது. பாண்ட்ஸ் நிறுவனம் தொடங்கியது. பின்னர் இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வரும், தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்குப் போகும், உடைந்ததும் சிந்தியதும் மலையில் தங்கும். ஆலைக்குப் பின்புறம் பாம்பார் சோலை. கண்ணாடிக் கழிவு தன் நடைமுறைக்கு மாறாக வெளியே விற்கப்பட்டதை நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆலை அந்த மாதமே மூடப்பட்டது. தொழிலாளர் உடல்நலத்துக்குக் கேடு நேரவில்லை என்ற வாதத்தை நிறுவனம் கடைசி வரை விடவில்லை.

இந்தக் கழிவின் வணிகக் கணக்கை நின்று பார்க்க வேண்டும். காயலான் கடைக்குக் கண்ணாடிச் சில்லு விற்றால் கிலோவுக்கு என்ன கிடைத்திருக்கும்? சில ரூபாய். 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவைப் பொதி செய்து, கப்பலேற்றி, பென்சில்வேனியாவில் பாதரசம் பிரிக்கும் ஆலைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 2006இல் முன்னாள் தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. 2015இல் ஒரு தமிழ்ப் பெண் பாடிய ராப் பாடல் இந்தக் கதையை உலகெங்கும் கொண்டுபோனது. அழகு சாதனமும் சோப்பும் விற்கும் நிறுவனத்துக்கு அதைவிட வலிக்கும் விளம்பரம் இருக்க முடியாது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடனும் அவர்கள் குடும்பங்களுடனும் உடன்பாடு கையெழுத்தானது. மண்ணில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம் என்ற வாதம் அதற்குப் பின்னும் தொடர்ந்தது. ஆலை ஓடியது இருபது ஆண்டுக்கும் குறைவாக. மூடிய பின் உடன்பாடு வரவே பதினைந்து ஆண்டு. சிகிச்சைக்கும் நீதிக்கும் ஏங்கியே அந்தப் பதினைந்து ஆண்டைக் கழித்த தொழிலாளர் குடும்பங்களுக்கு இந்தத் தாமதம் எவ்வளவு கொடியது என்பதை எந்த இருப்புநிலைக் குறிப்பும் காட்டாது.

அந்த ஆலையின் சந்தையும் அதற்குள் சுருங்கத் தொடங்கியிருந்தது. பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ நகரங்கள் 2000இலேயே பாதரசத் தெர்மாமீட்டர் விற்பனையைத் தடுத்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் நிறுத்தியது. மின்னணுப் பொருள்களில் பாதரசம் 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற ஐரோப்பிய விதி 2006 முதல் நடப்பில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஏற்றுமதி செய்யும் ஆலை அதன் உதிரிபாகம் தருபவரிடமும் இதற்குச் சான்று கேட்கிறது. 2013இல் கையெழுத்தாகி 2017இல் நடைமுறைக்கு வந்த, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தத்தை இந்தியா 2018இல் ஏற்றது. தெர்மாமீட்டர், பேட்டரி, சருமத்தை வெளுக்கும் களிம்பு, சி.எஃப்.எல். விளக்கு என்று அது தடுக்கும் பொருள்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. டியூப் லைட்டுக்கு 2027 கெடு. ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும் அமெரிக்கா 2013இலும் பாதரச ஏற்றுமதியைத் தடை செய்தன. இரண்டாயிரம் ஆண்டு இயங்கிய ஸ்பெயினின் அல்மாடன் சுரங்கமும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓய்ந்துவிட்டது. வாங்குமிடமும் விற்குமிடமும் ஒருசேரச் சுருங்கும் மூலப்பொருளை நம்பி புதிய முதலீடு செய்வது விவேகம் அல்ல.

முன்கூட்டி மாறினால் விலை தாங்காது என்ற பயம் ஒவ்வொரு முறையும் எழும். எல்.இ.டி. பல்புக்கும் அப்படித்தான் சொன்னார்கள். 2014இல் மத்திய அரசின் எரிசக்தித் திறன் நிறுவனம் கொள்முதல் செய்தபோது ஒரு பல்பு 310 ரூபாய். மொத்தமாக வாங்கத் தொடங்கிய பின், 2016இல் அது 38 ரூபாய்க்கு இறங்கியது. சி.எஃப்.எல். விளக்கை உடைந்த பின் எங்கே கொட்டுவது என்ற கேள்வியும் அதோடு குறையத் தொடங்கியது. பயன்பட்ட விளக்குகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை மின்னணுக் கழிவு விதிகள் தயாரிப்பாளர் மீது வைத்திருப்பதால், இன்னும் பாதரச விளக்கு விற்பவர் அந்தச் செலவையும் சுமக்க வேண்டும்.

மருத்துவமனைகளில் பாதரசத்தின் அளவு சிறிது, இடங்கள் ஏராளம். ஒரு தெர்மாமீட்டரில் இருப்பது ஒரு கிராம் அளவு. பழைய ரத்த அழுத்தமானி ஒன்றில் 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். ஒரு கிராம் முழுதும் ஆவியானால் 20,000 கன மீட்டர் காற்றைச் சட்ட வரம்புக்குக் கொண்டுபோகப் போதும். பத்து மீட்டர் நீள அகலமும் நான்கு மீட்டர் உயரமும் உள்ள ஐம்பது வார்டுகளின் காற்று அது. உடைந்ததைத் துடைப்பத்தால் கூட்டும் துப்புரவுப் பணியாளரும் இரவுப் பணி செவிலியரும்தான் முதலில் சுவாசிக்கிறார்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டர் விலை கூடுதல். ஆனால் கைதவறினால் உடைந்து பாதரசம் சிந்துவதில்லை. பாதரசம் இல்லாத ரத்த அழுத்தமானியை ஆண்டுதோறும் அளவு சரிபார்க்க வேண்டும்; அந்தச் செலவை மறைத்துச் சிக்கனம் பேசக் கூடாது. அதையும் சேர்த்த பிறகும், சிந்திய வார்டை மூடி வைக்கும் ஒரு நாளின் இழப்பும் பணியாளர் உடல்நலமும் கணக்கில் வந்தால் மாற்றமே மலிவு.

பாதுகாப்பாக அகற்றுவது என்பதன் பொருளை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். திரவப் பாதரசத்தைப் புதைக்கக் கூடாது, எரிக்கவும் கூடாது. பாதரசம் கலந்த கழிவை 357 டிகிரிக்கு மேல் மூடிய உலையில் சூடாக்கினால் ஆவி பிரியும். அதைக் குளிர்வித்தால் தூய பாதரசம் மீளும், இன்னும் அனுமதியுள்ள பயனுக்கு விற்கலாம். பயன் இல்லாதபோது கந்தகத்தோடு சேர்த்துப் பாதரச சல்ஃபைடாக மாற்றுகிறார்கள். நீரில் கிட்டத்தட்டக் கரையாத இந்தத் திண்மம் வேறொன்றும் அல்ல, பூமியிலிருந்து பாதரசத்தைத் தோண்டியெடுக்கும் தாதுவேதான். சித்த மருத்துவர் சாதிலிங்கம் என்று அறிந்த பொருள். தோண்டிய உருவத்துக்கே அதைத் திருப்பி, ஈரம் புகாத இடத்தில் வைப்பதுதான் இன்றுள்ள சிறந்த முடிவு. ஜெர்மனியில் கைவிட்ட உப்புச் சுரங்கங்களில் இப்படி வைக்கிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் செலவு உண்டு. அதை இன்றே செலுத்துபவருக்குச் சட்டம் ஒரு முடிவைத் தருகிறது, தள்ளிப்போடுபவருக்குத் தருவதில்லை. வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் குறித்த 1996 தீர்ப்பில், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. 2010இன் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் அதை எழுத்தில் வைத்தது. பாதிக்கப்பட்டவருக்கு மட்டும் அல்லாமல், கெட்ட நிலத்தையும் நீரையும் மீட்கும் செலவுக்கும் அந்தப் பொறுப்பு நீள்கிறது. தொழிலை விற்க வரும் நாளில், வாங்குபவர் மண்ணைச் சோதிக்கச் சொல்வார். கையில் பாதரசக் கணக்கு இல்லாத நிறுவனம் அன்று விலையைக் குறைத்தே தீர வேண்டியிருக்கும்.

பெரிய ஆலைகள் இதைக் கற்றுக்கொண்டுவிட்டன. மிச்சம் இருப்பது சிறிய இடங்கள்: இருபது படுக்கை மருத்துவமனை, பல் மருத்துவர், பள்ளி ஆய்வகம், பழைய விளக்கு மாற்றும் ஒப்பந்ததாரர். மாதம் இருபது தெர்மாமீட்டர் உடைகிறது என்று கொண்டால் ஒரு மருத்துவமனையில் ஆண்டுக்கு 240 கிராம் சேரும். இதற்காகத் தனி வண்டி வராது. ஆகவே குப்பியில் நீரூற்றி மூடி, அலமாரியின் மேல் தட்டில் வைத்து மறந்துவிடுகிறார்கள், அல்லது கழுவுதொட்டியில் கொட்டுகிறார்கள். மருத்துவக் கழிவை எடுத்துப் போக ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஏற்கனவே வண்டி வந்துகொண்டுதான் இருக்கிறது. அதே வண்டியில் பூட்டிய பெட்டி ஒன்றை வைத்து, வாயிற்படியிலேயே குப்பியை எடை போட்டு, கிராமுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி, ரசீது தரலாம். அப்படி 144 மருத்துவமனைகளின் ஓராண்டு பாதரசம் சேர்ந்தால் ஒரு குடுவை நிறையும். உலைக்கு அனுப்ப அது போதும். அந்த ரசீதில் உள்ள எடையும் மருத்துவமனை வாங்கிய தெர்மாமீட்டர்களின் எடையும் ஒத்துப்போகிறதா என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.